நர்கீஸ் கைக்கு வைத்த அளவு

பேகம்பூர் மன்சூரைக் கெட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தவறமாட்டான். பெண்டாட்டி நர்கீஸை வண்டியில் பின்னால் உட்காரவைத்து வேலைக்குக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டிவருவான். தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் எழுப்பிவிட்டு, ஒரு டீ மட்டும் வாங்கிக் குடிப்பான். எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற முகம். அந்த முகத்தை நம்பித்தான் அகரத்துப் பெண் ஒருத்தி தன் வலது கையைப் பாழாக்கிக்கொண்டாள்.

அவனுடைய அத்தா பீர் முகமது, தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று காலைப் புண்ணாக்கிக்கொண்டவர். மகன் காலில் அந்த ஈரம் படக்கூடாது என்று பாலிடெக்னிக்கில் சேர்த்தார். மன்சூர் படித்து முடித்த வருஷம் தோல் ஷாப்பை மூடிவிட்டார்கள். மூடிய ஷெட்டைக் கஸ்பார் என்கிறவர் வாடகைக்குப் பிடித்து, தரையைத் திரும்பத் திரும்பக் கழுவி, வெள்ளையடித்து, எண்பத்துநாலு பழைய கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி டேட்டா என்ட்ரி கம்பெனி ஆரம்பித்தார். அப்பன் தொட்டியில் நின்ற அதே கூரைக்குக் கீழே மகன் ஏசி ரூமில் சிஸ்டம் அட்மினாக உட்கார்ந்தான். மழை பெய்தால் மட்டும் சுவரிலிருந்து பழைய வாடை கிளம்பும். அன்றைக்குப் பெண்கள் ஒரு கையால் துப்பட்டாவை மூக்கில் பொத்திக்கொண்டு, மறு கையால் கீபோர்டில் அடிப்பார்கள்.

வேலை இதுதான். வடக்கே எங்கேயோ இருக்கிற ஆய்வுக்கூடங்களின் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் கட்டுக் கட்டாக லாரியில் வந்து இறங்கும். அதிலுள்ள எண்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். ஒரே சீட்டை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாத எண் சிவப்பாகத் தெரியும். மேற்பார்வையாளர் சீட்டை எடுத்துப் பார்த்து, தப்பு யாருடையதோ அவர் பேரில் ஒரு பிழை போடுவார். கண் சீட்டில் இருக்கும், கை கீபோர்டில் இருக்கும், திரையை யாரும் பார்ப்பதில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறவளுக்கு வேகம் வராது.

கஸ்பார் யாரையும் திட்டியதில்லை, கை நீட்டியதில்லை. அவரிடம் இருந்தது ஒரு மைக். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். அந்த வாரம் அதிகப் பிழை செய்தவர் மைக் முன்னால் வந்து தன் பிழைகளை ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டும். சீட்டில் இருந்தது இது, நான் அடித்தது இது. ஐம்பது பிழை என்றால் ஐம்பதையும். நடுவில் அழுதால் மறுபடி முதலிலிருந்து. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வாசித்தவரை மெஷினிலிருந்து எழுப்பி, லாரியிலிருந்து கட்டுத் தூக்குகிற வேலைக்கு அனுப்பிவிடுவார். நான் ஒரு வார்த்தை சொல்கிறேனா, நீங்களேதானே சொல்லிக்கொள்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்திருந்த பேர் தரக்கட்டுப்பாடு.

அவர் வாங்கிப் போட்டதெல்லாம் காயலான் கடைச் சாமான். முதலில் மக்கர் செய்தது மவுஸ். தேய்ந்துபோன மவுஸை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை என்று எடுத்துக்கொண்டு, பாதி நிரப்பிய படிவத்தை அனுப்பித் தொலைத்துவிடும். புது மவுஸ் என்ற பேச்சு மட்டும் கஸ்பார் காதில் ஏறாது. மன்சூர் வேறு வழி பார்த்தான்.

மவுஸும் கீபோர்டும் தாமாக எதையும் செய்துவிடுவதில்லை. அவற்றில் விழுகிற அடியை வாங்கி உள்ளே சொல்வதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அது கெர்னலுக்குள், அதாவது மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். அது சொன்னதைத்தான் மேலே இருக்கிறவை நம்பும். அந்த மெஷின்களில் ஓடியது லினக்ஸ். அதில் டிரைவர் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கும், விஷயம் தெரிந்தவன் கைவைக்கலாம். மன்சூர் கைவைத்தான். ஓர் அழுத்து முடிந்து கண்ணிமைக்கிற நேரத்துக்குள் இன்னொன்று வந்தால் அதைக் கழித்துவிடு என்று நாலு வரி சேர்த்தான். எண்பத்துநாலு மவுஸும் ஒரே நாளில் ஒழுங்குக்கு வந்தன. கஸ்பார் அவன் தோளில் கைபோட்டு வாசல்வரை நடந்து வந்தார்.

அடுத்த வருஷம் கீபோர்டுகளுக்கும் அதே வியாதி. பத்து என்று அடித்தால் நூற்றுப் பத்து என்று ஏறியது. மருந்தும் அதேதான், ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சங்கதி இருந்தது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு மில்லி செகண்ட். விசையிலிருந்து விரலை எடுத்த பிறகு இத்தனை மில்லி செகண்டுக்குள் அதே விசை மறுபடி விழுந்தால், அது மனுஷ விரல் இல்லை, கீபோர்டின் கோளாறு என்று தள்ளிவிடவேண்டும். அந்த அளவைக் குறைத்து வைத்தால் கோளாறு போகாது. கூட்டி வைத்தால் நிஜ விரலும் சேர்ந்து தள்ளுபடியாகும்.

இந்த இடத்தில்தான் மெஷினோடு மட்டுமே பழகிய ஆள் செய்கிற தப்பை மன்சூர் செய்தான். இருப்பதிலேயே மோசமான கீபோர்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நர்கீஸை உட்காரவைத்து அடிக்கச் சொன்னான். நர்கீஸும் அதே கம்பெனியில்தான் இரண்டாம் வரிசையில் வேலை பார்த்தாள். நிதானமான கை. அவள் வெங்காயம் அரிய உட்கார்ந்தால் உலை ஒரு தடவை கொதித்து அடங்கிவிடும். மன்சூர் இருபது வைத்துப் பார்த்தான், நாற்பது வைத்துப் பார்த்தான், அறுபது வைத்துப் பார்த்தான். எண்பது வைத்தபோது ஒரு கோளாறுகூட இல்லை. பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்துமூன்று என்று நர்கீஸ் அடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக விழுந்தது.

எண்பது என்று முடிவாயிற்று. அந்தக் கம்பெனியில் எண்பத்துநாலு பேருடைய கைகள் இருந்தன. அளவு எடுத்தது ஒருத்தி கைக்கு. நிரலின் தலையில் தன் பேரையும் தேதியையும் மன்சூர் பெருமையாகப் போட்டுக்கொண்டான், திங்கட்கிழமை காலையில் எல்லா மெஷினிலும் ஏற்றினான். அந்தச் சனிக்கிழமை கஸ்பார் மைக்கில் அவன் பேரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். அதற்கு முன்னால் அந்த மைக்கில் யாரையும் பாராட்டி ஒரு சொல் வந்ததில்லை.

அதே சனிக்கிழமைதான் அறிவுச்செல்வி முதல் தடவையாக மைக் முன்னால் போய் நின்றாள்.

அவள் முதல் வரிசையில் பன்னிரண்டாம் நம்பர் மெஷின். இருபத்துநாலு வயது. அகரத்திலிருந்து தாடிக்கொம்பு வழியாகப் பஸ்ஸில் வருவாள். அப்பா காமராஜுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை. விவரம் தெரிந்த நாளிலிருந்து வெயில் ஏறுவதற்குள் மொட்டுக் கிள்ளிப் பழகிய விரல்கள் அவளுக்கு. மற்றவர்கள் மொட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவள் மடி நிறைந்திருக்கும். அந்த விரல்களை எண்விசைகளில் வைத்தபோது கம்பெனியே வாயைப் பிளந்தது. மற்றவர்கள் மூன்று கட்டு முடிக்கிற நேரத்தில் இவள் ஆறு முடிப்பாள். வாரத்துக்கு இரண்டு பிழை, மிஞ்சிப்போனால் மூன்று.

வாயும் கொஞ்சம் நீளம். ஒருநாள் மன்சூர் பெண்களைக் கூட்டி வைத்து, கீபோர்டை எப்படிப் பக்குவமாகத் தொடவேண்டும் என்று வகுப்பெடுத்தான். அண்ணன் இரண்டு விரலால் கோழி கொத்துவதுபோல் கொத்துகிறார், இவர் நமக்குச் சொல்லித்தருகிறாரா என்று அறிவுச்செல்வி கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்கீஸும் சிரித்தாள். மன்சூரும் சேர்ந்து சிரித்தான், ஆனால் அதை எடுத்து உள்ளே பத்திரப்படுத்திக்கொண்டான்.

முதல் சனிக்கிழமை நாற்பத்தொரு பிழை. அவள் அதை விளையாட்டாகவே வாசித்தாள், நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். இரண்டாம் சனிக்கிழமை அறுபத்துமூன்று. குரல் இறங்கிவிட்டது. அப்போது மேற்பார்வையாளராக இருந்த செபஸ்தியான் அவளைத் தனியாக உட்காரவைத்து, நாலு பேர் சுற்றி நிற்க, அதே சீட்டுகளை மறுபடி அடிக்கச் சொன்னார். பயந்துபோய், திரையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு விசையாக அடித்தாள். ஒரு பிழை இல்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கவனம்தான் எங்கேயோ போகிறது என்று செபஸ்தியான் எழுதிவிட்டார். எரியோட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு பேசிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். கவனம் எங்கே போகிறது என்று பெண்கள் கண்ணைச் சிமிட்டிப் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை எழுபத்தெட்டு. மன்சூர் ஏசி ரூம் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் குரல் தட்டையாக, யாருக்கோ செய்தி வாசிப்பதுபோல் வந்தது.

"நூத்திப் பத்து. நான் அடிச்சது பத்து. எரநூத்தி இருபது. நான் அடிச்சது இருபது. அம்பத்தஞ்சு. நான் அடிச்சது அஞ்சு. நூத்தி முப்பத்தி மூணு. நான் அடிச்சது பதிமூணு. நூறு. நான் அடிச்சது பத்து."

கூட்டம் பிழைகளை எண்ணிக்கொண்டு நின்றது. மன்சூர் மட்டும் எண்களைக் கேட்டான். பத்துப் பதினைந்து கேட்டதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிற இடத்தில் மட்டும்தான் பிழை. வேறு எங்கேயும் இல்லை. எழுபத்தெட்டில் ஒன்றுகூட வேறு மாதிரி இல்லை. இரண்டாவது அடியை யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று அந்த ஷெட்டுக்குள் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வாசித்து முடித்ததும் கஸ்பார் மைக்கை வாங்கினார். கையில் ஏதாவது நரம்புக் கோளாறு இருக்கும், போய்ப் பார்த்துக்கொள், சரியாகிவிட்டால் பன்னிரண்டாம் நம்பர் உனக்குத்தான், அதுவரை கட்டுத் தூக்கு என்று அன்பாகச் சொன்னார். பிறகு அடுத்த செய்தி. செபஸ்தியான் சின்னாளப்பட்டியில் திறக்கிற புதுக் கிளைக்குப் போகிறார். மூன்று வாரமாக ஒரு பிழைகூட இல்லாத ஒரே ஆள் திங்கட்கிழமையிலிருந்து மேற்பார்வையாளர். நர்கீஸ் பேரைச் சொன்னார். நர்கீஸ் அத்தனை தலைகளுக்கும் மேலாகப் புருஷனைத் தேடிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலும் சரி, பிறந்த வீட்டிலும் சரி, எதிலும் முதலாக வராதவள். கண் கலங்கியிருந்தது. மன்சூர் கைதட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தான். தள்ளிவிட்ட அடிகளையெல்லாம் அவன் நிரல் ஒரு பதிவில் குறித்துவைத்திருந்தது. மற்ற மெஷின்களில் தள்ளுபடியானவை பெரும்பாலும் பத்து, பதினைந்து, இருபது மில்லி செகண்டில் வந்தவை. அது கீபோர்டின் கோளாறு, சந்தேகமில்லை. பன்னிரண்டில் ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு, அறுபத்தாறு, எழுபத்தொன்று. அது கோளாறு இல்லை. அது மல்லிகை கிள்ளுகிற விரல். அவ்வளவு வேகமாக ஒரு மனுஷி அடிப்பாள் என்று அவன் கணக்கில் இல்லை, ஏனென்றால் அவன் வீட்டில் அப்படி யாரும் அடிப்பதில்லை.

எண்பதை நாற்பது என்று மாற்றினால் போதும். மோசமான நாலைந்து கீபோர்டுகளைத் தூக்கிக் கடாசிவிட்டால் தீர்ந்தது. ஒரு மணி நேர வேலை. விரலை விசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வைத்தால் அறிவுச்செல்வி தப்பித்துக்கொள்வாள். அவள் மட்டுமா? கொஞ்சம் வேகமான கைக்காரிகள் இருபது பேருக்கும் வாரத்துக்கு ஏழு எட்டுப் பிழை இதனால்தான் விழுந்துகொண்டிருந்தது. அதெல்லாம் போனால் பூஜ்யத்தில் இருபத்தொரு பேர் நிற்பார்கள், வேகத்தைப் பார்த்தால் நர்கீஸ் அவர்களில் கடைசியில் நிற்பாள். நேற்றுவரை இல்லாத பிழை எப்படி வந்தது, இன்றைக்கு எப்படிப் போனது என்று கஸ்பார் கேட்பார். நிரலின் தலையில் பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது. நாற்பத்தொன்று, அறுபத்துமூன்று, எழுபத்தெட்டு, அத்தனையையும் மைக் முன்னால் நின்று இவன் வாசிக்கவேண்டும்.

மன்சூர் அளவில் கைவைக்கவில்லை. பன்னிரண்டாம் நம்பரின் பதிவை மட்டும் அழித்தான். ஒரு மாதம் போகட்டும், நர்கீஸ் அந்த நாற்காலியில் நிலைக்கட்டும், பிறகு சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி, எதிரே ஆள் இல்லை. வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, போகிற வழியில் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அறிவுச்செல்வி ஏசி ரூம் வாசலில் வந்து நின்றாள். கட்டுத் தூக்கி நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா. நான் ரெண்டு தடவ அடிக்கிறது என் விரலுக்குத் தெரியுதுண்ணே. சத்தியமா தெரியுது. மெஷின்ல ஏதும் இருக்குமாண்ணே?"

கோழி என்று சொன்ன வாய். மன்சூர் நாற்காலியைத் திருப்பினான்.

"எம்பத்தி நாலு மெஷின்லயும் ஒரே டிரைவர்தாம்மா ஓடுது. உனக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது. மெஷினா இருந்தா நர்கீஸுக்கும்ல வரணும்?"

அதில் ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள அயோக்கியத்தனம். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அவளை அப்படியே போகவிட்டிருக்கலாம். அவனுக்கு மனசு கேட்கவில்லை, ஏதாவது நல்லதாகச் சொல்லி அனுப்பவேண்டும் என்று பட்டது.

"கைய ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டு. வெச்சுக்கிட்டே இருக்காத."

காமராஜ் மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். கையில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டில் நரம்பு கொஞ்சம் அழுந்தியிருக்கிறது, நாளெல்லாம் அடிக்கிற கைக்கு இது வழக்கம்தான், ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் சின்னதாக ஓர் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, அவரிடம் சொன்னதுதான் தப்பு. இரண்டு தடவை அடித்ததாக விரல் நினைத்துக்கொள்கிறது, ஆனால் அடிக்கவில்லை என்றல்லவா அவரிடம் போய்ச் சொன்னார்கள். ஓய்வில் எப்போது சரியாகும் என்று டாக்டருக்கே தெரியவில்லை, சரியாகாமல் மெஷின் திரும்பக் கிடைக்காது. ஆபரேஷன் செய்தால் பழையபடி அடிப்பாளா என்று காமராஜ் கேட்டார். பெரும்பாலும் என்றார் டாக்டர்.

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் நர்கீஸ்தான் மன்சூருக்குச் சேதி சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு வியாழக்கிழமை ஆபரேஷனாம், பாவம், பயந்துபோயிருக்கிறது என்றாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நடுவில் முழுசாக ஒரு நாள் இருந்தது. மன்சூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தி, நர்கீஸுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தான். என்ன இன்றைக்கு அதிசயம் என்று அவள் கேட்டாள். சும்மாதான் என்றான்.

ஆபரேஷன் ஆன இடம் ஆறவில்லை. சீழ் வைத்து, மறுபடி திறந்து, மறுபடி தைத்தார்கள். புண் ஆறியபோது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் விறைத்து நின்றன, பாதிக்கு மேல் மடங்கவில்லை. மொட்டுக் கிள்ள முடியவில்லை. நரம்பு வியாதி உள்ள பெண் என்று எரியோட்டு மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவளுடைய அம்மா சுந்தரம்மாள், நல்லவேளை தாலி கட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்தது என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வேறு எதைச் சொல்வது?

நாலு மாதம் கழித்து அறிவுச்செல்வி திரும்பி வந்து பன்னிரண்டாம் நம்பரில் உட்கார்ந்தாள். அவள் அடிப்பதைப் பார்க்கச் சகிக்காது. விறைத்த விரல்களை ஒதுக்கிவிட்டு, மிச்ச விரல்களால் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி அழுத்தினாள். ஆறு கட்டு அடித்த நேரத்தில் இப்போது ஒன்று. ஆனால் பாருங்கள், அந்த வாரம் அவளுக்கு ஒரு பிழைகூட இல்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இப்போது எண்பது என்ன, முந்நூறு மில்லி செகண்ட் போனது. டிரைவர் அவளுடைய அடி எதையும் தள்ளவில்லை. நர்கீஸ் கைக்கு வைத்த அளவுக்குள் அவள் கையையும் அறுத்துக் கொண்டுவந்து சேர்த்தாகிவிட்டது.

கஸ்பார் சனிக்கிழமை அவள் பேரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். திங்கட்கிழமை அவள் ஒரு டப்பா நிறைய லட்டு எடுத்துக்கொண்டு ஏசி ரூமுக்கு வந்தாள்.

"நீங்க சொல்லலேன்னா நான் டாக்டர்ட்டயே போயிருக்கமாட்டேண்ணே. வேகம்தான் போச்சு. தப்பு வர்றது நின்னுருச்சுல்ல, அது போதும்."

மன்சூர் ஒரு லட்டை எடுத்து அவள் பார்க்கவே முழுசாகத் தின்றான். நிலைக்கட்டும் என்று சொன்ன ஒரு மாதம் முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது, அந்த எண்பது இன்னும் எண்பதாகவே இருந்தது. இப்போது அதை மாற்றுவது முன்னைவிடக் கஷ்டம். முன்னே மாற்றியிருந்தால் பிழைகள் போயிருக்கும், இவன் வேலை போயிருக்கும். இப்போது மாற்றினால் ஒரு கை எதற்காக அறுபட்டது என்ற கேள்வி வரும்.

அக்காளின் வேகம் போனதால் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் வரவேண்டியதாயிற்று. தங்கை தமிழ்மதிக்குப் பத்தொன்பது வயது. அறிவுச்செல்விதான் நர்கீஸிடம் சொல்லி அவளைப் பதிமூன்றாம் நம்பரில், தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். அதே தோட்டம், அதே மொட்டு, அதே விரல். இரண்டே வாரத்தில் தமிழ்மதி ஐந்து கட்டுக்கு ஏறிவிட்டாள். மூன்றாம் வாரம் நாற்பத்துநாலு பிழையோடு மைக் முன்னால் நின்றாள். அடுத்த சனிக்கிழமை அறுபத்தொன்பது.

அக்காளுக்கு இருந்த வியாதி தங்கைக்கும் இருக்கிறது என்று அகரத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். குடும்பத்திலேயே ஓடுகிற நரம்பு என்றார்கள். தமிழ்மதி மாட்டேன் என்று அழுதாள். அவளைப் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தது அறிவுச்செல்வி. எனக்கு முற்றவிட்டுப் பார்த்ததால்தான் இரண்டு விரல் போயிற்று, உனக்கு ஆரம்பத்திலேயே அறுத்துவிட்டால் வேகமும் போகாது, பிழையும் வராது என்று தன் கையையே காட்டிக் காட்டிச் சொன்னாள். அதே மதுரை டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நாள் வாங்கினார்கள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், மன்சூர் பதிமூன்றாம் நம்பர் மெஷினில் போய் உட்கார்ந்தான். காலையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா மெஷினையும் மாற்றவேண்டாம், இது ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், இந்தப் பிள்ளையின் கையாவது தப்பும். டிரைவரின் அமைப்பைத் திறந்தான். எண்பது என்ற எண்ணின் பக்கத்தில் கர்சர் மின்னியது. அழித்தான். எட்டு இருந்த இடத்தில் நாலு அடித்தான்.

"என்னங்க, பதிமூணுல என்ன?" என்று மேற்பார்வையாளருடைய கண்ணாடி கேபினிலிருந்து நர்கீஸ் கேட்டாள்.

அவன் தலை நிமிர்ந்தபோது அறிவுச்செல்வி சாப்பாட்டுத் தூக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாம் நம்பருக்கு வந்துகொண்டிருந்தாள். வலது கை அவள் தாவணிக்கு மேல் பாதி மடங்கிக் கிடந்தது. இன்றைக்கு மூன்று மணி நேரம் தமிழ்மதி இந்த மெஷினில் அடிப்பாள். ஒரு பிழையும் வராது. நேற்றுவரை வியாதி, இன்றைக்கு இல்லை, நடுவில் மெஷினில் உட்கார்ந்து எழுந்தவன் மன்சூர். அறிவுச்செல்வி மற்றவர்களைப்போல மந்தமானவள் இல்லை. அவள் தங்கையின் கையைப் பார்ப்பாள், தன் கையைப் பார்ப்பாள், பிறகு இவன் முகத்தைப் பார்ப்பாள்.

நாலை அழித்துவிட்டு மறுபடி எட்டு அடித்தான். பக்கத்தில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

"ஒண்ணுமில்ல, தூசி" என்று சொல்லி, கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினான்.

தமிழ்மதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. உனக்காக அண்ணன் சாப்பிடக்கூடப் போகாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் பார் என்று அறிவுச்செல்வி தங்கையிடம் சொன்னாள். பிறகு அவனிடம் திரும்பினாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நாங்க சொன்னா அழுகிறா. நீங்க சொன்னா கேப்பா."

மன்சூர் எழுந்து நாற்காலியைத் தமிழ்மதிக்கு விட்டுக்கொடுத்தான்.

"பயப்படாதம்மா" என்றான். "அக்காவுக்குச் சரியாப் போச்சுல்ல."